முந்நூறு றோல்ஸுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

என்னுடைய மோட்டார் சைக்கிள் என்னுடையது இல்லை என்று முதலில் சொன்னது ஒரு கணினித் திரை. வாகனப் பதிவு அலுவலகத்தில் ஐம்பது நிமிடம் காத்திருந்து, என் இலக்கம் வந்ததும் எழும்பிப் போனேன். கவுண்டரில் எலிசா என்று பெயர் குத்திய பெண் இருந்தாள். வண்டியின் கைபிடிக்குக் கீழே இரும்பில் பொறித்திருக்கும் பதினேழு எழுத்தையும் எண்ணையும் நான் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவள் அதைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, இது இன்னொருவர் பெயரில் இருக்கிறது மதாம், அவர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் கையெழுத்திட்ட விற்பனைத் துண்டு வேண்டும் என்றாள். ஒரு துண்டும் இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படி வாங்கினீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கோபம் வந்தது. முதலில் அந்தப் பெண்ணில் வந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். அவள் பாவம், திரையில் இருந்ததைத்தான் வாசித்தாள். கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் பக்கத்து ஊரான லவாலில் ஒரு வீட்டில் இருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் கணவர் அன்டன் எல்லோரிடமும் சொல்லித் திரிவார். அப்படி இருந்திருந்தால் நல்லது. என் கோபம் பதினாறு வருடம் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வாய் மூடிக்கொண்டு நின்றது. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரிக்கிற றோல்ஸுக்காக என் தொலைபேசி அடிக்கும். நிரஞ்சனியின் றோல்ஸ் மாதிரி வராது என்பார்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லியே திருமுழுக்கு, முதல்நன்மை, கலியாணம், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வேலை வாங்கினார்கள். சிலர் இறைச்சியும் மாவும் வாங்கித் தருவார்கள். சிலர் அதையும் மறந்துபோவார்கள். கூலி எவ்வளவு என்று ஒரு குஞ்சும் கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. நம்முடைய ஆட்களிடம் எப்படிக் கேட்பது என்ற வெட்கம் எனக்கு.

வேலைத்தலத்தில் எனக்கு அந்த வெட்கம் இல்லை. சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் திருத்துகிறேன். முதல் ஆறு வருடம் பெட்டி அடுக்கினேன். இயந்திரம் நின்றால் திருத்துகிறவர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நானே கையை விட்டுத் திருத்துவேன், பிறகு ஏச்சு வாங்குவேன். கடைசியில் ஏசி அலுத்துப்போய் அவர்களே என்னைப் படிக்க அனுப்பினார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஆனந்தராசா அண்ணையின் கடைசி மகள் வினோஜாவுக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற கொண்டாட்டம். அவர் எங்கள் பங்குச் சபைத் தலைவர். லவாலில் வீடு, இரண்டு கார் விடுகிற கராஜ், எந்தக் கூட்டத்திலும் ஒலிவாங்கி அவர் கையில்தான். முந்நூறு மட்டன் றோல்ஸ் கேட்டார். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். இறைச்சியும் என் காசுதான், தருவார் என்று நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம், பின்னேர மண்டப விருந்துக்கான தட்டுகளைக் கொண்டுபோய் அவருடைய கராஜில் இறக்கும்போதுதான் அதைக் கண்டேன். பனி தள்ளும் இயந்திரத்துக்கும் நத்தார்க் குடில் பெட்டிகளுக்கும் இடையில், பெற்றோல் தாங்கி கறள் பிடித்து, செயின் அறுந்து தொங்க, காட்டுப் பாதையில் ஓடுகிற ஒரு பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வண்டி. அவருடைய மகன் றெனோல்டுக்கு வாங்கியது. அவன் அதை விட்டுவிட்டு ரொறன்ரோவுக்குப் போய்ப் பத்து வருடம்.

நான் குனிந்து இயந்திரத்தைப் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். விற்கப்போகிறீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"உது இரும்புக்குப் போறதுதானே, தங்கச்சி. கொண்டு போ. றோல்ஸுக்கு நான் ஒண்டும் தரேல்லை. அதுக்குப் பதிலாய் இதை வைச்சுக்கொள்."

துண்டு ஏதும் இருந்தால் அதையும் தாருங்கள் என்றேன். கராஜில் நான்கைந்து பேர் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கடை ஆக்களுக்குள்ளை என்ன துண்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டது என் பிழை என்று நினைத்தேன். வெள்ளைக்காரனிடம் வாங்கியிருந்தால் துண்டு இல்லாமல் ஒரு சுத்தியலும் வாங்கியிருக்கமாட்டேன். நம்முடைய ஆள் என்றதும் கேட்டதற்கே வெட்கப்பட்டுக்கொண்டு வந்தேன். இந்த மடைத்தனம் நமக்கு மட்டுமே வரும்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒழுங்கையில் ஒரு சின்னக் கராஜை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு குளிர்காலம் அதற்குள் ஒரு மின்சூடாக்கியை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். இறுகிப்போன பிஸ்டனை ஆறு நாள் எண்ணெயில் ஊறவிட்டு எடுத்தேன். தாங்கிக்குள் சின்ன ஆணிகளைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கறளைக் கழற்றினேன். காபரேட்டரை எத்தனை தரம் கழற்றிப் பூட்டினேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஏழாம் உதையில் அது உறுமியது. நான் அந்த ஒழுங்கையில் நின்று அழுதேன். ஏன் என்று அன்டன் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். நான் கையால் செய்து, இன்னும் யாரும் தின்று முடிக்காமல் இருக்கிற ஒரே பொருள் அதுதான்.

மே மாதம் வடக்கே காட்டுப் பாதைகள் திறக்கும். அங்கே ஓடுவதென்றால் என் பெயரில் பதிவும் இலக்கத்தகடும் வேண்டும். அதற்காகத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதற்கு முதலே அன்டன் பெருமையில் ஒரு வேலை பார்த்துவிட்டார். வண்டி ஓடுகிற வீடியோவைப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எண்பது பேர் கைதட்டினார்கள். ஆனந்தராசா அண்ணை மட்டும் ஒன்றும் போடவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்த அன்று பின்னேரமே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு கையெழுத்துத்தான், ஒரு மணித்தியாலம் போதும், நானே வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் தேன் தடவிய குரலில் தொடங்கினார்.

"அது றெனோல்ட் ஆசைப்பட்டு வாங்கினது, தங்கச்சி. உனக்குத் திருத்தத்தானே தந்தனான். இப்ப மூத்த மருமோன் கேக்கிறார். சாமானுக்கு என்ன செலவெண்டு சொல்லு, தாறன். ஞாயிறு பூசை முடிய வந்து ஏத்துறன்."

ஒன்றே ஒன்று கேட்டேன். பதிவுத் துண்டு உங்களிடம் இருக்கிறதா என்று.

"பின்னை? என்ரை வண்டியின்ரை துண்டு என்னட்டை இல்லாமலே?"

ஆக, எங்கள் ஆட்களுக்குள்ளே துண்டு தேவையில்லை என்றது எனக்கு மட்டும்தான். அவர் தன்னுடையதை இத்தனை வருடமாக மேசை லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

மறுநாள் வேலைக்கு இடையில் திரும்பவும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதே எலிசா. சொந்தக்காரர் கையெழுத்து வைக்க மறுத்தால் என்ன வழி என்று கேட்டேன். சத்தியக் கடதாசி ஒன்று முடிக்கலாம், ஆனால் வெறும் சத்தியம் காணாது, அவர் உங்களுக்குத் தந்ததைக் காட்டுகிற ஏதாவது வேண்டும், ஒரு செய்தி, ஒரு படம், ஒரு சாட்சி என்றாள். பிறகு குரலைத் தணித்து, அவர் முந்திக்கொண்டு களவு போனதாக முறைப்பாடு எழுதினால் உங்கள் பாடு கஷ்டம் மதாம் என்றாள். என் கறள் இரும்புக்கு நான் கள்ளி.

சாட்சிக்கு ஆளா இல்லை, கராஜில் அத்தனை பேர் நின்று சிரித்தார்களே என்று, அவர்களில் ஒருவரான நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு எடுத்தேன். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நானூறு சுற்றிக் கொடுத்தவள் நான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, தலைவரோடு தனக்கேன் பிரச்சினை என்றார். மற்றவர்களுக்கு எடுக்கவில்லை. அவர்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்.

அன்டனுக்குச் சமாதானம்தான் பெரிது. குடுத்துவிடு, ஒரு பழைய சைக்கிளுக்காகப் பங்கில் முகம் முறிக்கவேண்டுமா என்றார். யாருடைய முகம் என்று கேட்டேன். அவர் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

எலிசா சொன்ன "படம்" என்ற சொல் மட்டும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நம்முடைய ஆட்கள் துண்டு எழுதமாட்டார்களே தவிர, வீடியோ எடுக்காமல் ஒரு கேக்கும் வெட்டமாட்டார்கள். வினோஜாவின் முதல்நன்மைக்கும் நான்கு மணித்தியால வீடியோ இருந்தது. எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் அதைத் தேடி எடுத்து, தொலைக்காட்சியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். என்னுடைய றோல்ஸை எண்பது குடும்பம் தின்பதை இரண்டரை மணித்தியாலம் பார்த்தேன். கடிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், இன்னொன்று எடுக்கிறார்கள். பிள்ளைகள் பாதி தின்றுவிட்டுத் தட்டில் போடுகிறார்கள். நான் ஒரு காட்சியிலும் இல்லை. மண்டபத்துக் குசினிக்குள் மிச்சத்தைச் சூடாக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

பிறகு கமராக்காரர் மேசை மேசையாக ஒலிவாங்கி நீட்டிக்கொண்டு வந்தார். தலைவரின் மேசை. ஆனந்தராசா அண்ணை ஒரு கையில் கிளாஸ், மறுகையில் என் றோல்ஸ், முகம் முழுக்கச் சிரிப்பு.

"இந்த றோல்ஸ் எனக்கு என்ன விலை எண்டு கேளுங்கோ. கராஜுக்குள்ளை கிடந்த கறள் சைக்கிள் ஒண்டை நிரஞ்சனிக்குக் குடுத்துப்போட்டன். முந்நூறு றோல்ஸுக்கு ஒரு மோட்டச்சைக்கிள். ஆருக்கு லாபம்?"

மேசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நீக்கிலாப்பிள்ளை அண்ணை மேசையில் தட்டிச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர் அன்டன் இருந்தார். அவரும் சிரித்தார்.

அன்டன் அப்போது என் கதிரைக்குப் பின்னால்தான் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்துக்கே திருப்பி, இன்னொரு தரம் போட்டேன். மூன்றாம் தரம் போடும்போது அவர் அறையை விட்டுப் போய்விட்டார். என்னை வைத்து அடித்த பகிடிதான் எனக்குக் கிடைத்த ஒரே துண்டு. சந்தோஷப்படுவதா, தொலைக்காட்சியை உடைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. பன்னிரண்டரைக்கு ஒரு வாடகை இழுவையைக் காருக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு ஆனந்தராசா அண்ணை ஒழுங்கைக்குள் வந்தார். முன் இருக்கையில் அவர் மனைவி அல்போன்சம்மா அக்கா, கோயில் சேலையோடு. நான் வெளியே வரும்போது எங்கள் கார் கராஜ் கதவுக்குக் குறுக்கே, ஒரு பூனையும் புகமுடியாதபடி நின்றது. அன்டன் அதற்குள் உட்கார்ந்து கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனாலும் அந்தக் காரைக் கண்டது ஆறுதலாக இருந்தது.

காரை எடுக்கச் சொல்லு என்றார் ஆனந்தராசா அண்ணை. நான் வீடியோவின் அந்த இடத்தைப் போட்டுத் தொலைபேசியை நீட்டினேன். அவர் தன் குரலைக் கேட்டதும் முதலில் சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அது சும்மா பகிடிக்குச் சொன்னது, வெறியில் சொன்னது, அதையெல்லாம் கணக்கெடுக்கிறதா என்றார். நான் அவருடைய காருக்கு மற்றப் பக்கம் போய், அல்போன்சம்மா அக்காவின் யன்னலில் தட்டி, அவருக்கும் போட்டுக் காட்டினேன்.

"அண்ணை இதைப் பகிடி எண்டுறார், அக்கா. பங்குக் குறூப்பிலை போடுறன். எல்லாரும் பாத்துச் சொல்லட்டும்."

அல்போன்சம்மா அக்கா வீடியோவை முடியும்வரை பார்த்தார். தொலைபேசியைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

"அந்தத் துண்டை எடுத்துக் குடுங்கோ. போதும்."

இழுவை வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறை அந்த அலுவலகம். நானும் அவரும் நடுவில் ஒரு கதிரையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நல்ல சட்டை போட்டிருந்தார், மடியில் பதிவுத் துண்டு போட்ட பிளாஸ்டிக் உறை. எங்கள் இலக்கம் எலிசாவிடமே வந்தது. இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவள் தட்டத் தொடங்கினாள். அடையாள அட்டைகள், முகவரிகள், எல்லாம் சுகமாகப் போயிற்று. கடைசியில், என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று கேட்டாள்.

ஆனந்தராசா அண்ணை முந்திக்கொண்டார். நெஞ்சில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அன்பளிப்பு என்றார். இவள் எனக்குத் தங்கை மாதிரி, ஆசைப்பட்டாள், கொடுத்துவிட்டேன் என்றார். எலிசா என்னைப் பார்த்து, அன்பளிப்பு என்று எழுதட்டுமா மதாம் என்றாள்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் ஐந்து நிமிடத்தில் துண்டோடு வீட்டுக்குப் போகலாம். வண்டி எனக்கு, கௌரவம் அவருக்கு. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்று, நிரஞ்சனிக்கு நான்தான் ஒரு மோட்டச்சைக்கிள் குடுத்தனான் என்பார். எல்லோரும் என்ன நல்ல மனுசன் என்பார்கள். அதற்கு அரசாங்கத்தின் துண்டே சாட்சியாக இருக்கும். வாய்வரை வந்த ஓமை விழுங்கினேன்.

இல்லை என்றேன். அன்பளிப்பு இல்லை. இவர் மகளின் முதல்நன்மைக்கு நான் முந்நூறு மட்டன் றோல்ஸ் செய்து கொடுத்தேன், இந்த வண்டி அதற்கான விலை என்றேன்.

"பேய் வேலை பாராதை. வரியெல்லோ கூடும்," என்றார் அவர் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

வரியை நான் கட்டுகிறேன் என்று நான் பிரெஞ்சிலேயே சொன்னேன். எலிசா கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். றோல்ஸ் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். உருளைக்கிழங்கும் இறைச்சியும் பிரட்டி, மெல்லிய தோசை மாதிரி ஒன்றில் வைத்துச் சுற்றி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் உருட்டி, பொரிக்கவேண்டும். முந்நூறுக்கு இரண்டு நாள். அவள் சிரிக்கவில்லை. திரையில் விலைக்கான பெட்டிக்குள் ஒரு தொகை போடவேண்டும் என்றாள். பிறகு கேட்டாள்.

"ஒன்று என்ன விலை, மதாம்?"

பதினாறு வருடம். திருமுழுக்கு, கலியாணம், செத்தவீடு. கையில் எண்ணெய் தெறித்த தழும்பு ஏழு இருக்கிறது. எத்தனை ஆயிரம் சுற்றியிருப்பேன், எத்தனை பேர் வாயைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு நன்றி, ஒரு தலையாட்டல், நிரஞ்சனியின் றோல்ஸ் மாதிரி வராது. ஒன்று என்ன விலை என்று கேட்ட முதல் மனுசி, என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத இந்தப் பெண். கண் நிறைந்துவிட்டது. அதுவும் கோபம்தான்.

"இரண்டு டொலர்," என்றேன்.

அறுநூறு என்று அவள் தட்டினாள். அச்சடித்து வந்த கடதாசியை முதலில் அவர் பக்கம் தள்ளி, இந்தப் பெறுமதியைப் பெற்றுக்கொண்டதாக இங்கே கையெழுத்து வையுங்கள் மிஸியே என்றாள். ஆனந்தராசா அண்ணை பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு வைத்தார். நான் வரியைக் கட்டினேன். துண்டு என் பெயரில், மை சூடு ஆறாமல், என் கைக்கு வந்தது.

கார் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். குரலில் பழைய தேன் திரும்பி வந்திருந்தது.

"சரி, நடந்ததை விடு, தங்கச்சி. ஓகஸ்ட் திருநாளுக்கு ஒரு ஐந்நூறு றோல்ஸ் செய்வாய்தானே?"

"ஒண்டு ரெண்டு டொலர், அண்ணை. துண்டு எழுதித் தருவன்."

அவர் நின்றுவிட்டார். எங்கடை ஆக்களுக்குள்ளை என்று தொடங்கினார். என் கையில் இருந்த கடதாசியைக் கண்டு மிச்சத்தைச் சொல்லவில்லை.

"எங்கடை ஆக்களுக்கும் அதே விலைதான்," என்று சொல்லிவிட்டு நான் காரைத் திறந்தேன்.